துணி இல்லாத குடையும் 28 மெகாஹெர்ட்ஸும்

"என்னப்பா தம்பி, எலி கடிச்ச குடையைக் கொண்டுபோயி மொட்டை மாடியில நட்டு வச்சிருக்க?" என்று ஆச்சி கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. டிஸ்கோன் ஆன்டெனாவைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு சரியான வர்ணனை இல்லை. மேலே வட்டமாக எட்டுக் குட்டைக் கம்பி, அதன் கீழே கூம்பாக விரியும் எட்டு நீளக் கம்பி. துணி போன குடைதான் அது.

நான் காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். குடியிருப்பது பள்ளத்தூரில், ஆச்சி வீட்டின் பின்கட்டில். அப்பா இந்த வீட்டுக்குக் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஆச்சியின் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். முகப்பிலிருந்து பின்வாசல் வரை தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் இப்போது ஆச்சியும் நாங்களும்தான். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கி சில வருடம் ஆகிறது. மோர்ஸ் தேவைப்படாத ரெஸ்ட்ரிக்டட் கிரேடு. ஆனால் பேசுவதைவிடக் கேட்பதில்தான் எனக்கு ஆசை அதிகம். நாளெல்லாம் கடையில் வாடிக்கையாளரோடு பேசித் தொண்டை வற்றிப்போனவனுக்கு ராத்திரி வேறென்ன வேண்டும்?

டிஸ்கோன் வாங்கியதே எல்லாவற்றையும் ஒரே ஏரியலில் கேட்டுவிடலாம் என்ற பேராசையில்தான். பெட்டியில் '25 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ்' என்று போட்டிருந்தது. மாட்டிய அன்றைக்கே விமானங்கள் அள்ளிக்கொண்டு வந்தன. விமானிகள் பேசுவது 118-லிருந்து 137 மெகாஹெர்ட்ஸுக்குள். திருச்சி விமான நிலையம் இங்கிருந்து நேர்க்கோட்டில் 70 கிலோமீட்டர் என்றாலும், வானத்தில் இருப்பவனுக்கும் என் குடைக்கும் நடுவில் மறைக்க ஒன்றும் இல்லையே. அமெச்சூர்க்காரர்கள் பேசும் 145 மெகாஹெர்ட்ஸ் நன்றாக இருந்தது, 430-ம் பரவாயில்லை. 50-க்குக் கீழே இறங்கினால் பாழுங்கிணறு. 27, 28 மெகாஹெர்ட்ஸில் ஒரு முனகல்கூட இல்லை.

ஏன் என்பது பிறகுதான் விளங்கியது. இந்த ஆன்டெனாவை உருவாக்கியவர் ஆர்மிக் கண்டோயன் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1943-ல் விண்ணப்பித்து 1945-ல் காப்புரிமை பெற்றார். அதன் சூட்சுமம் கூம்பின் சாய்வுக் கம்பியில் இருக்கிறது. அந்தக் கம்பி எந்த அதிர்வெண்ணுக்குக் கால் அலைநீளமோ அதுதான் ஏறக்குறைய கீழ் எல்லை. அதற்கு மேலே பல மடங்கு வரைக்கும் 50 ஓம் கேபிளோடு ஒத்துப்போகும். அதற்குக் கீழே போனால் மெல்லச் சரிவதெல்லாம் கிடையாது, படிக்கட்டில் கால் இடறின மாதிரி ஒரேயடியாக விழும். கணக்கு எளிது: 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் மீட்டரில் வரும். என் கம்பி 85 சென்டிமீட்டர். அப்படியானால் 88 மெகாஹெர்ட்ஸ். பெட்டிக்காரர் சொன்ன 25-க்கு மூன்று மீட்டர் கம்பி வேண்டும். இதே கணக்கில் திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸுக்கு டிஸ்கோன் செய்ய நினைத்தால் ஒவ்வொரு கம்பியும் 80 மீட்டர். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானமே 216 அடி, அதாவது 66 மீட்டர்தான். ஆச்சி எலிக்குடைக்கே கேள்வி கேட்டவர்.

பெட்டிக்காரர் முழுப்பொய் சொல்லவில்லை. வட்டத்தின் தலையில் ஒரு சுருள், அதன்மேல் ஒரு நெட்டைக் கம்பி இருக்கிறது பாருங்கள், அது அந்தக் கீழ்ப்பகுதிக்காகத்தான். மேல் அதிர்வெண்களில் அந்தச் சுருள் அடைப்பு மாதிரி நின்று கம்பியைத் துண்டித்துவிடும், வட்டமும் கூம்பும் தம் வேலையைப் பார்க்கும். கீழே வரும்போது சுருள் வழிவிடும், நெட்டைக் கம்பி ஏரியல் ஆகும், கூம்பு அதற்குத் தரையாக நிற்கும். நல்ல யோசனைதான். ஆனால் கடையில் வாங்கியதில் அந்தக் கம்பி ஏதோ ஓர் இடத்தில், பெரும்பாலும் 50 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில், ஒத்து நிற்கும். அந்த ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு '25 முதல்' என்று அச்சடித்துவிடுகிறார்கள்.

எனக்கு அந்த ஒரு புள்ளிகூட இல்லை. நானோ விஎன்ஏ வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை அளவுப் பெட்டி, கடையில் மெக்கர் வைத்துக் காயில் பார்ப்பது மாதிரி ஏரியலைப் பார்க்க உதவும். எஸ்டபிள்யூஆர் என்பது ஏரியல் கேபிளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற கணக்கு, ஒன்றை நெருங்க நெருங்க நல்லது. 90-க்கு மேலே அது ஒன்றரை, இரண்டு. கீழே வர வரப் பத்தைத் தாண்டிக் கூரைக்குப் போய்விட்டது. 50-ல் ஒரு பள்ளம் தெரிய வேண்டும், தெரியவில்லை. சுருளை இறக்கி உறையைப் பிரித்தால் உள்ளே பச்சை பூத்திருந்தது. மழைத்தண்ணீர் இறங்கி, செம்புக் கம்பி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் அரித்துத் தின்றுவிட்டது. உலோக அரிப்பையும் ஆராயும் சிக்ரி என்ற பெரிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-லிருந்து காரைக்குடியில் நடக்கிறது. அந்த ஊர்க்காரன் வீட்டு மாடியில் இந்தக் கதி.

சுருள் நம்ம தொழில் ஆயிற்றே. இருபதாம் நம்பர் எனாமல் கம்பியில் புதிதாகவே கட்டினேன். கட்டுகிற கட்டில் 50 எதற்கு, 28-க்கே இறக்கிவிடலாம் என்று சுற்றைக் கூட்டி, மேல் கம்பியையும் ஒன்றரை மீட்டர் ஆக்கினேன். வார்னிஷ் போட்டுக் காயவைத்து, அடியில் தண்ணீர் வடிய ஒரு ஊசித்துளை விட்டேன். முழுக்க அடைத்து வைத்தால் தண்ணீர் வராது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வரும், வந்தால் போகாது. மாடியில் ஏற்றிப் பார்த்தபோது பள்ளம் சரியாக 28 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு ராத்திரி மனைவிக்குப் பரோட்டா வாங்கிக்கொண்டு போனேன்.

அந்தச் சந்தோஷம் ரெண்டு நாள் நிலைத்தது.

28.200 மெகாஹெர்ட்ஸில் உலகம் முழுக்கப் பதினெட்டு பீக்கன்கள், அதாவது தானாக ஒலிக்கும் அடையாள நிலையங்கள், முறைவைத்து ஒலிக்கின்றன. மூன்று நிமிஷத்துக்கு ஒரு சுற்று, ஆளுக்குப் பத்து விநாடி. ஒவ்வொன்றும் தன் அழைப்புப் பெயரை மோர்ஸில் சொல்லிவிட்டு நான்கு நீளக் கோடு போடும். பெயரும் முதல் கோடும் 100 வாட், இரண்டாவது கோடு 10, மூன்றாவது 1, நான்காவது 0.1 வாட். ஏரியல் எப்படி இருக்கிறது என்று பார்க்க இதைவிட நேர்மையான தராசு எனக்குத் தெரியாது. எத்தனை கோடு காதில் விழுகிறது என்று எண்ணினால் போதும். ஒரு கோடு கூடினால் பத்து டெசிபல் கிடைத்ததாக அர்த்தம். சூரியப்புள்ளிகள் உச்சத்தில் இருந்த காலம் அது, பகலில் 28 மெகாஹெர்ட்ஸ் திறந்தே கிடந்தது. மோர்ஸ் தேர்வு எழுதாதவன் என்றாலும் கோடு எண்ணத் தெரியாதா என்ன?

ஜப்பான் பீக்கனில் எனக்கு ஒரு கோடுதான் கேட்டது. இரண்டாவது, இருக்கிறதோ இல்லையோ என்ற சந்தேகத்தில் நின்றது. ஆனால் வரும் அலையின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் ஏழில் நின்றுகொண்டிருந்தது. சத்தம் நிறைய வருகிறது, சங்கதி வரவில்லை.

இந்த இடத்தில்தான் பலரும், நான் உட்பட, தப்புப் பண்ணுகிறோம். கீழ் அதிர்வெண்ணில் ஒன்றும் கேட்கவில்லை என்றதும் ஆம்ப்ளிஃபயர் வாங்கி மாட்டுவது. அதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது: ரேடியோவை ஓடவிட்டு ஏரியலைப் பிடுங்குங்கள். இரைச்சல் மாறவே இல்லையென்றால் ஏரியல் செவிடு, கேட்டுக்கொண்டிருந்தது ரேடியோவின் சொந்த இரைச்சல். பிடுங்கியதும் இரைச்சல் பொத்தென்று அடங்கினால், ஏரியல் ஏற்கனவே வெளி இரைச்சலைக் கொண்டுவருகிறது. அதற்கு மேல் பெருக்கினால் நெல்லும் பதரும் சேர்ந்தே பெருகும். 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக வானமும் ஊரும் போடும் இரைச்சல் அவ்வளவு பெரிது. அங்கே ஏரியல் திறமை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் குறையே தெரியாது.

எனக்குப் பிடுங்கியதும் அடங்கியது. சரி, ஏரியல் வேலை செய்கிறது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு சந்தேகத்தில் மாடிக்குப் போய் ஏரியல் முனையில் கேபிளின் நடுக்கம்பியை மட்டும் விடுவித்து, வெளி வலையை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும்படி விட்டுவிட்டு வந்தேன். இரைச்சல் அப்படியே இருந்தது. அதாவது 28-ல் எனக்கு ஏரியலாக இருந்தது குடையே இல்லை. மாடியிலிருந்து வளவு வழியாகப் பின்கட்டு வரை இறங்கும் இருபத்தைந்து மீட்டர் கோஆக்ஸ் கேபிளின் வெளித்தோல்தான். அது வழியெல்லாம் எல்இடி பல்பு, வைஃபை பெட்டியின் அடாப்டர், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் தொட்டு முகர்ந்துகொண்டு வந்திருக்கிறது.

சரி, கேபிள் தோலில் வருவதைத் தடுக்க ஒரு சோக் போடலாம் என்று 31-ஆம் நம்பர் கலவை ஃபெரைட் வளையம் வரவழைத்து, கேபிளை அதில் பத்துச் சுற்றுச் சுற்றி ஏரியலுக்குக் கீழேயே கட்டினேன். (கடையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் மஞ்சள் வளையம் இதற்கு ஆகாது. அது இரும்புத்தூள், வேறு ஜாதி. நான் முதலில் அதைத்தான் சுற்றினேன்.) இரைச்சல் குறைந்தது. கூடவே ஜப்பானும் போய்விட்டது. விஎன்ஏவில் பார்த்தால் 28-ல் இருந்த பள்ளம் நகர்ந்து 33-க்குப் போய்க் கிடக்கிறது.

ரெண்டு நாள் மண்டையைக் குடைந்தது. மோட்டார் கட்டும்போது ஒரு பேஸ் விட்டுப்போனால் மற்ற ரெண்டும் அதன் சுமையைச் சுமக்குமே, அந்த மாதிரி என்று யோசித்தபோதுதான் பிடிபட்டது. நெட்டைக் கம்பிக்குத் தரையாக நிற்க வேண்டிய கூம்பு 85 சென்டிமீட்டர்தான். 28 மெகாஹெர்ட்ஸுக்கு அது தரையே இல்லை. மீதித் தரைக்குக் கேபிள் தோல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் சோக் போட்டு அந்த முட்டைத் தட்டிவிட்டேன். ஆகவே செய்ய வேண்டியது தலையில் இல்லை, பாவாடையில். கூம்பை நீட்ட வேண்டும்.

முதலில் முரட்டுத்தனமாகச் செய்தேன். எட்டுக் கம்பியையும் அலுமினியக் குழாய் சொருகி ஒன்றரை மீட்டராக்கினேன். 50 மெகாஹெர்ட்ஸ் நன்றாகத் திறந்தது, 28-ம் முன்னைக்குப் பரவாயில்லை. பார்க்கவும் கம்பீரமாக இருந்தது. அடுத்த நாள் விடியற்காலை ஒரு பெரிய சத்தம். போய்ப் பார்த்தால் தோகை முழுசாகத் தொங்க ஒரு ஆண் மயில் என் ஆன்டெனாவின்மேல் உட்கார்ந்து அகவிக்கொண்டிருக்கிறது. ஐந்து கிலோவாவது இருக்கும். மூன்று குழாய் வளைந்து ஓட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது, ஒன்று மூட்டிலேயே முறிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மயில் என்பது காக்காய் மாதிரி. விரட்டினால் போய்ப் பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து நம்மைப் பார்க்கும், நாம் இறங்கியதும் திரும்பி வரும்.

ஆச்சி கீழே முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் காலத்துல சிலோன்ல மயில்வாகனன்னு ஒருத்தர் பேசுவாக. அவுக போனப்புறம் இப்ப மயிலே நேரா வந்து பேசுது" என்றார். ரேடியோ சிலோனின் எஸ்.பி. மயில்வாகனன் குரலுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறையே மயங்கிக் கிடந்தது.

அப்புறம்தான் கூடாரத்துக்குக் கயிறு இழுத்துக் கட்டுவது நினைவுக்கு வந்தது. குழாயையெல்லாம் கழற்றிவிட்டுக் கூம்பைப் பழைய 85 சென்டிமீட்டருக்கே கொண்டுவந்தேன். எட்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக நாலு கம்பியின் நுனியில் பித்தளைக் கிளிப் போட்டு, பல இழை செம்புக் கம்பி 1.85 மீட்டர் சேர்த்தேன். மொத்தம் 2.7 மீட்டர். 75-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்கள், அதுதான். செம்புக் கம்பி முடியும் இடத்திலிருந்து நைலான் கயிறு, கயிறு போய்க் கைப்பிடிச் சுவர் ஆணியில். ஜிஐ குழாய் மாஸ்ட்டுக்கு இழுப்புக் கயிறும் ஆயிற்று, கூம்புக்கு நீளமும் ஆயிற்று. ஆடிக் காற்றுக்கு மாஸ்ட் ஆடுவது நின்றதே எனக்குத் தனி லாபம். மயில் உட்கார்ந்தாலும் கம்பி தொய்ந்து நிமிரும், முறியாது. விஎன்ஏவில் பள்ளம் 33-லிருந்து திரும்பி 28.4-ல் நின்றது. சோக் அப்படியே இருக்கிறது, கேபிளை இப்போது கையால் பிடித்தாலும் பள்ளம் அசைவதில்லை. அசையாததுதான் முக்கியம். கேபிளைத் தொட்டால் விஎன்ஏ கோடு ஆடுகிறதென்றால் ஏரியல் இன்னும் கேபிளின்மேல் சாய்ந்துகொண்டிருக்கிறது.

விமான பேண்டு கெட்டுப்போயிருக்குமோ என்று பயந்தேன். 120 பக்கம் எஸ்டபிள்யூஆர் கொஞ்சம் ஏறியது, ஆனால் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அன்று மத்தியானம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து 28.200-ல் உட்கார்ந்தேன். ஜப்பான் முறை வந்தது. ஒரு கோடு. ரெண்டு. மூணாவது கோடு, 1 வாட், மெல்லிசாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல். நம் வீட்டு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிக்கிற அளவுகூட இல்லாத சக்தி, ஜப்பானிலிருந்து பள்ளத்தூருக்கு.

நாலாவது கோட்டை இன்னும் கேட்கவில்லை.

27, 28 இத்தோடு தீர்ந்தது. அதற்கும் கீழே, 7 மெகாஹெர்ட்ஸுக்கு? டிஸ்கோனை அதற்கு இழுப்பது வண்டிமாட்டை மரம் ஏறச் சொல்வது. கம்பி பத்தரை மீட்டருக்கு மேல் வேண்டும். சிலர் கேபிளின் நடுக்கம்பியையும் தோலையும் ஒன்றாக முறுக்கி ரேடியோவில் சொருகிக் கேட்பார்கள். கேட்கத்தான் செய்யும், இரைச்சலோடு. என் முடிவு, அதற்குத் தனி ஏரியல். ரெண்டையும் ஒரே கேபிளில் சேர்க்கும் டிப்ளெக்ஸர் கட்டலாம்தான். சுருள் கட்டத் தெரியும் என்பதற்காக எல்லாவற்றையும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? இன்னொரு கேபிள் இழுத்தேன்.

அந்தத் தனி ஏரியலுக்கு இடம் தேடி ஓட்டுக்கூரை முகட்டில் நடந்தபோதுதான் ரெண்டு முனையிலும் இரும்புக் கொக்கியில் வெள்ளைப் பீங்கான் இன்சுலேட்டர் தொங்குவதைக் கண்டேன். பாசி படிந்து கறுத்திருந்தது. துடைத்தால் புதிது மாதிரி பளபளத்தது. செட்டியார் காலத்து ஏரியல். "அவுக சாயங்காலம் சிலோனும், ராத்திரி பிபிசியும் கேப்பாக. மலாயாச் செய்தி வருதான்னு முள்ளைத் திருகிக்கிட்டே இருப்பாக" என்றார் ஆச்சி. வால்வு ரேடியோவை எப்போதோ முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைக்காரர் வாங்கிப்போய்விட்டாராம். இப்போது எந்த ஓட்டலில் அலங்காரத்துக்கு நிற்கிறதோ.

கொக்கிக்குக் கொக்கி 38 மீட்டர். இத்தனை நீளம் வளையாமல் ஒரே கோட்டில் கிடைக்கும் வீடு வேறு எங்கே இருக்கிறது? கம்பி இழுத்துக் கட்டி, அடி முனையில் ஃபெரைட் வளையத்தில் ஏரியல் பக்கம் ஒன்பது சுற்று, கேபிள் பக்கம் மூன்று சுற்று. கம்பியைக் கேபிளோடு ஒத்துப்போகவைக்கத்தான் இது: சுற்று மூன்றுக்கு ஒன்று என்றால் இம்பிடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கான தடை, ஒன்பதுக்கு ஒன்று. ரெண்டு சுற்றையும் ஒன்றோடொன்று சேர்க்காமல் தனித்தனியாக விட்டதற்குக் காரணம், வீட்டு எர்த்தில் ஓடும் இரைச்சல் கேபிள் தோல் வழியாக ஏரியலுக்கு ஏறக்கூடாது. கம்பிக்குத் தனி எர்த் கிணற்றடியில், கரியும் உப்பும் போட்டு அடித்த குழியில். எங்கள் ஊர்ச் செம்பூரான் கல்லு மண் காய்ந்தால் ஓடு மாதிரி, எர்த் பிடிக்காது. கிணற்றடி எப்போதும் ஈரம். ஐப்பசியில் இடி உருட்டத் தொடங்கினால் ரெண்டு பிளக்கையும் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவேன். இதில் மட்டும் நான் சோம்பேறித்தனம் பண்ணுவதில்லை.

முதல் நாள் மாட்டியதும், நான் ரேடியோவாகக் கம்ப்யூட்டரில் சொருகிக் கேட்கும் டாங்கிள் திணறியது. பக்கத்துத் திருச்சி 936-ன் 100 கிலோவாட்டு 38 மீட்டர் கம்பியில் இறங்கினால் பாவம் அது என்ன செய்யும்? எந்த அதிர்வெண்ணுக்குப் போனாலும் திருச்சி பின்னாலேயே வந்தது. மீடியம் வேவை வெட்டும் ஃபில்டர் ஒன்று கட்டிப் போட்ட பிறகு அடங்கியது. அதற்கப்புறம் காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் தமிழ்க்காரர்கள் காபி குடித்துக்கொண்டே பேசுவதும், அவர்கள் வீட்டுச் சேவல் கூவுவதும்கூடக் கேட்டது. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாள்தான் எனக்குத் திருவிழா. ஊரே அணைந்திருக்கும், நான் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் உட்கார்ந்திருப்பேன். இரைச்சல் அப்படியே தரைக்கு இறங்கிவிடும். 6676 கிலோஹெர்ட்ஸில் விமானங்களுக்கு வானிலை வாசிக்கும் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது மாதிரி இருக்கும். ஆனால் அன்றைக்கு ஆச்சி மின்விசிறிக்காக முகப்பு இன்வெர்ட்டரைப் போட்டால் மறுபடி ர்ர்ர் என்று ஒரு சுவர் எழும்பும். எண்பது வயதுக்காரரிடம் விசிறியை நிறுத்தச் சொல்ல முடியுமா? இன்வெர்ட்டர் ஒயரில் ஃபெரைட் போட்டுப் பார்த்திருக்கிறேன், பாதி குறைந்தது.

ஆச்சி கேட்டதெல்லாம் ஒன்றுதான். "இவ்வளவு கம்பி கட்டியிருக்கியே, சிலோன் வருமா?" கம்பி ஏரியலில் மீடியம் வேவ் பக்கம் ராத்திரி ராத்திரியாகத் தேடினேன், அவர் கேட்ட சிலோன் அகப்படவில்லை. போன மார்கழியில் ஒருநாள், காற்றே இல்லாத பின்னிரவு, பனி இறங்கிக்கொண்டிருந்தது. சும்மா டிஸ்கோனில் எஃப்எம் பக்கம் போனேன். வழக்கமாக அங்கே எஃப்எம் வெட்டும் ஃபில்டர் மாட்டியிருப்பேன், அன்றைக்குத் தற்செயலாகக் கழற்றி வைத்திருந்தேன். பேண்டு முழுக்க நிலையங்கள் நெருக்கியடித்து நின்றன. 'சூரியன் எஃப்எம்' என்று ஒருவர் சொன்னார். நம்மூர் சூரியன்தானே என்று கடந்து போகப் பார்த்தேன். ஆனால் பேச்சின் இழுப்பு யாழ்ப்பாணம், விளம்பரத்தில் விலை இலங்கை ரூபாயில். அங்கேயும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது. மீமிசல் கடல் இங்கிருந்து 40 கிலோமீட்டர் சொச்சம், யாழ்ப்பாணம் 140-க்குள். குளிர்ந்த காற்று கீழேயும் வெதுவெதுப்பான காற்று மேலேயும் படிந்தால் கடல்மேல் குழாய் போட்டது மாதிரி அலை வளைந்து வந்துவிடும். கம்பியை நீட்டியதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 88-க்கு மேலே குடை வாங்கிய அன்றைக்கே இதைக் கேட்டிருக்கும்.

காலை நாலரைக்கு ஆச்சி கோலம் போட எழுந்ததும் செல்போனில் பதிந்ததைக் கொண்டுபோய்க் கேட்கவைத்தேன். ஒரு நிமிஷம் காதில் வைத்துக் கேட்டார்.

"சிலோன்தான். ஆனா நம்மூர் பிள்ளைக மாதிரியே படபடன்னு பேசுதுக" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். கோலப்பொடியை எடுத்தபடியே, "அந்த மயிலு இன்னிக்கும் வந்துச்சுப்பா. அதுக்குத் தனியா ஒரு கட்டையை நட்டு வைய்யேன், உன் குடையை விட்டுடும்" என்றார்.

சந்தையிலிருந்து சவுக்குக் கட்டை ஒன்று வாங்கி வந்து, மாஸ்ட்டைவிட ஒரு அடி உசரமாக, மூன்று மீட்டர் தள்ளி நட்டிருக்கிறேன். மயில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காக்காய் ஒன்று வந்து உட்காருகிறது.